கடைக்கு ஒரு துப்பாக்கி கேட்ட நகைக்கடைக்காரருக்கு

வாசகர் கடிதம்:

வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் சின்னதாக ஒரு நகைக்கடை வைத்திருக்கிறேன். அப்பா பட்டறையாக நடத்தியது, நான் கடையாக்கினேன். வயது 46. மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் என் மனைவியின் கழுத்தில் பாராங்கை, நீண்ட வெட்டுக்கத்தியை, வைத்தான். நாள் வசூலும் மெருகுக்குக் கொடுக்க வேண்டிய நகைகளும் இருந்த பையைக் கொடுத்துவிட்டேன். போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். இதுவரை யாரும் பிடிபடவில்லை. மனைவி அன்றிலிருந்து கடைக்கு வருவதில்லை. நான் இப்போது கார் சீட்டுக்கு அடியில் ஒரு பாராங் வைத்திருக்கிறேன்.

என் அண்ணன் மகன் அமெரிக்காவில், ஹூஸ்டனில் இருக்கிறான். "இங்கே யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் சித்தப்பா, அதுதான் சுதந்திரம். உங்கள் நாடு உங்களைக் குழந்தை மாதிரி நடத்துகிறது" என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. எனக்கு லைசென்ஸ் கிடைக்குமா? கிடைக்காது என்று சொல்லித் தெரிந்த ஒருவர், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறார். கடைக்குள் திருடன் வந்து நான் சுட்டுவிட்டால் எனக்குத் தூக்கா? தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாங்கித் தருகிறேன் என்று சொன்னவரிடம் இனி பேசாதீர்கள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுகூடப் போகாதீர்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இது லேசான சட்டம். இதற்கு மேல் 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. எந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டுவது என்பதை முடிவு செய்வது அரசுத் தரப்பு. நம் நாட்டில் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இந்த மாதிரி வழக்கில் பிரம்படி கிடையாது. உங்களுக்கு 46.

பல வருடங்களுக்கு முன் ஒரு லோரி ஓட்டுநருக்காக வாதாடினேன். நண்பன் கொடுத்த ஒரு பொட்டலத்தை ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்தார், அவ்வளவுதான். உள்ளே என்ன என்று தெரியும், ஆனால் யாரையும் மிரட்டியதில்லை, ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. "இருந்தால் வீட்டுக்கும் ஒரு பாதுகாப்புதானே என்று நினைத்தேன்" என்று என்னிடம் சொன்னார். நீதிமன்றத்தில் அது எதிர்வாதமே ஆகாது. அவர் உள்ளே போகும்போது மகள் பாலர் பள்ளியில் இருந்தாள். வெளியே வந்தபோது இடைநிலைப் பள்ளி சீருடையில் நின்றாள். அந்தக் குடும்பத்தை இன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் இன்னொன்று: எல்லை தாண்டி வரும் துப்பாக்கி ஏற்கெனவே எங்கே, யாரைச் சுட்டது என்று உங்களுக்குத் தெரியாது. தோட்டாவில் பதியும் கீறல்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கணக்கும் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

கார் சீட்டுக்கு அடியில் இருக்கும் பாராங்கையும் இன்றே எடுத்துவிடுங்கள். பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை இருக்கிறது. சாலைத் தடுப்பில் போலீஸ் விளக்கடித்துப் பார்க்கும்போது, மூன்று மாதத்துக்கு முன் கொள்ளை போனது நீங்கள்தான் என்று அந்தப் பாராங்கில் எழுதியிருக்காது. தற்காப்புக்கு என்ற பதிலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தோட்டத்துக்கு எடுத்துப் போகிறவரின் பாராங் வேறு, நகைக்கடைக்காரர் சீட்டுக்கடியில் ஒளித்து வைத்த பாராங் வேறு.

சரி, லைசென்ஸ். கிடைக்கவே கிடைக்காது என்று அவர் சொன்னது உண்மையில்லை. ஆயுதச் சட்டத்தின்படி மாநிலப் போலீஸ் தலைவரிடம் விண்ணப்பிக்கலாம். உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள், எதற்காக வேண்டும் என்று கேட்பார்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் காட்டுப் பன்றிக்காக வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பதை நீங்களே கெடா பக்கம் பார்த்திருப்பீர்கள். கைத்துப்பாக்கி அதைவிடக் கடினம், ஆனாலும் ஆபத்தான தொழில் என்று காட்டி வாங்கியவர்கள் உண்டு. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. கிடைத்தாலும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், நிபந்தனை மீறினால் பறிபோகும். செல்வாக்குள்ளவர்களுக்குக் கதவு சுலபமாகத் திறக்கிறது, சாதாரணக் கடைக்காரனுக்குத் திறப்பதில்லை என்ற மனக்குறை நம் மக்களிடம் இருப்பது எனக்குத் தெரியும். மறுக்கும்போது ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இதை வெளியிலும் சொல்லியிருக்கிறேன்.

விண்ணப்பம் எழுத உதவச் சொன்னால் உதவுவேன், அது உங்கள் உரிமை. ஆனால் என் ஆலோசனையைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்ல, அந்த இரவுக்கே திரும்பிப் போவோம்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. குற்றவியல் சட்டத் தொகுப்பில் 96 முதல் 106 வரை தற்காப்பு உரிமையைப் பற்றிய பிரிவுகள். அந்த உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு, அதை யாரும் உங்களிடமிருந்து எடுத்துவிடவில்லை. உயிருக்கோ பெரிய காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தால், தாக்குபவன் சாகும் அளவுக்குத் தடுத்தாலும் குற்றமில்லை என்கிறது 100ஆம் பிரிவு. கொள்ளைக்கும், இரவில் வீடு உடைத்து நுழைவதற்கும் அதே அளவுக்கு இடம் தருகிறது 103. ஆனால் 99 ஒரு கடிவாளம் போடுகிறது: தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது, போலீஸிடம் போக நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை.

இப்போது சொல்லுங்கள். அவன் பாராங்கை உங்கள் மனைவியின் கழுத்தில் வைத்த அந்த நேரத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருந்தது. ஆனால் அப்போது உங்களால் சுட்டிருக்க முடியுமா? கத்தி தோலில் பட்டுக்கொண்டிருக்கிறது, உங்கள் கையில் சாவிக்கொத்து, துப்பாக்கி இடுப்பிலோ மேசை அறையிலோ. நீங்கள் கையைக் கீழே கொண்டுபோவதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்களால் சுட முடிந்திருக்கக்கூடிய நேரம் அடுத்தது: பையை வாங்கிக்கொண்டு அவர்கள் வண்டியில் ஏறி முதுகைக் காட்டியபோது. அப்போது சட்டம் உங்களை விட்டு விலகத் தொடங்கிவிட்டது. உயிர், காயம் பற்றிய பயம் தொடரும் வரைதான் கொள்ளைக்கு எதிரான தற்காப்பு உரிமையும் தொடரும் என்பது 105ஆம் பிரிவின் கணக்கு. ஓடுகிறவன் முதுகில் சுட்டு அவன் இறந்தால், வழக்கு கொலை என்றே தொடங்கலாம். 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கிவிட்டார்கள். ஆகவே தூக்குதான் என்று இப்போது இல்லை. ஆனால் தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறை. நல்லெண்ணத்தில்தான் எல்லை மீறினீர்கள் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் கொலை என்பது குறையும், அப்போதும் 304ஆம் பிரிவில் 30 ஆண்டு வரை போகலாம். தெருவையும் நினைத்துப் பாருங்கள். ஒன்பதரை மணிக்கு அஞ்சடியில், கடை முன் நடைபாதையில், பூக்கட்டுகிற அம்மா இருப்பார், எதிர்க் கடையில் பரோட்டா சாப்பிட வந்தவர்கள் இருப்பார்கள். நடுங்கும் கையிலிருந்து போகும் தோட்டா யாரைத் தேடிப் போகும்?

அன்றைக்கு நீங்கள் பையைக் கொடுத்தீர்கள். கோழைத்தனம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படி நினைக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது. உங்கள் மனைவி உயிரோடு இருப்பது அந்த முடிவால்தான். அதைச் செய்ய தைரியம் வேண்டும்.

இனி உங்கள் அண்ணன் மகனுக்கு. அவரைக் குறை சொல்லவில்லை. சித்தப்பா மேல் உள்ள அக்கறையில்தான் பேசுகிறார். அவர் இருக்கும் நாட்டின் அரசியல் சட்டத்தில் 1791இல் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்துக்கொள்வதை உரிமை என்கிறது. 2008இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், அது வீட்டில் தற்காப்புக்காக வைத்திருக்கும் தனிமனிதரின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. டெக்சஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து கைத்துப்பாக்கியைக் கொண்டுசெல்ல உரிமமே பெரும்பாலும் தேவையில்லை. அதே டெக்சஸில், 2022 மே 24 அன்று உவால்டி என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் ஒருவன் 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக்கொன்றான். பதினெட்டு வயது முடிந்ததும் கடையில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி. வந்து சேர்ந்த ஆயுதப் போலீசார் 300 பேருக்கும் மேல், ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வகுப்பறைக்குள் போகவில்லை. பயிற்சி பெற்றவர்களே, கையில் துப்பாக்கியோடு, பயத்தில் வெளியே நின்றார்கள். துப்பாக்கி இருந்தால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத் தாழ்வாரம்தான் நினைவுக்கு வருகிறது.

நம் நாடு ஏன் இப்படி இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம்மவர் ரத்தமும் இருக்கிறது. 1948இல் தொடங்கிய மலாயா அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் போட்ட விதிகளில், துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை அந்த விதியில்தான் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு கைத்துப்பாக்கி, சில தோட்டாக்கள். இந்திய அரசு கேட்டுக்கொண்டும் தண்டனையைக் குறைக்கவில்லை. என் தாத்தா அந்தச் செய்தியைத் தோட்டத்தில் கேட்ட நாளைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே, அரசாங்கம் ஆயுதச் சட்டத்தைத் தன் எதிரிகளை ஒடுக்கப் பயன்படுத்தும் என்று அண்ணன் மகன் வாதாடினால், அது நடந்ததுதான் என்று நானே ஒப்புக்கொள்வேன்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அவசரகாலம் முடிந்த 1960இல் இன்றைய ஆயுதச் சட்டம் வந்தது. 1969 மே 13 இனக்கலவரத்தில் கோலாலம்பூரில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1971இல் தண்டனையைக் கடுமையாக்கிய அந்த இரண்டாவது சட்டம். பாராங்கோடும் கம்போடும் நெருப்போடும் மக்கள் மோதிக்கொண்ட அந்த நாட்களில், சௌகிட்டிலும் கம்போங் பாருவிலும் வீட்டுக்கொரு துப்பாக்கி இருந்திருந்தால்? மூன்று இனமும் ஒரே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), ஒரே மாடிக்குடியிருப்பில், சுவரோடு சுவராக வாழும் நாடு இது. பக்கத்து வீட்டில் துப்பாக்கி இல்லை என்ற நிச்சயத்தில்தான் நாம் தைப்பூசத்துக்கு விடிய விடியத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிறோம், சின்னப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு. அதுவும் ஒரு சுதந்திரம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதி குடிமக்களுக்குக் கூடும் உரிமையைத் தரும்போதே "அமைதியாக, ஆயுதமின்றி" என்று சேர்த்துச் சொல்கிறது. ஆயுதமில்லாமல் கூடுவதை உரிமையாக எழுதிவைத்த நாடு. இதைக் குழந்தை மாதிரி நடத்துவதாக நான் பார்க்கவில்லை.

பாதுகாப்புக்கென்றே சம்பளம் கொடுத்து வைத்த துப்பாக்கிகள் என்ன செய்தன என்றும் பாருங்கள். 2016 டிசம்பர் 1 அன்று நம் பினாங்கிலேயே, துன் டாக்டர் லிம் சொங் இயூ நெடுஞ்சாலையில், ஒரு தொழிலதிபரை அவருடைய மெய்க்காப்பாளரே காரில் சுட்டுக் கொன்றார். பிறகு சாலையில் வந்தவர்களையும் சுட்டார். அவர்களுக்குள் என்ன கோபமோ, அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களும் செத்தார்கள். 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியைக் காக்க நிறுத்திய காவலாளியே வங்கி அதிகாரியைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் பணத்தோடு போனார். 2024 ஏப்ரலில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில், மனைவியைக் குறிவைத்துச் சுட்டவனின் தோட்டா அவருடைய மெய்க்காப்பாளர் மேல் பாய்ந்தது. உரிமம் இல்லாத கையிலும் சரி, வேலைக்காகக் கொடுத்த கையிலும் சரி, மனித மனம் ஒரே மனம்தான். கோபம், கடன், சந்தேகம், ஒரு மோசமான இரவு.

மோசமான இரவு என்று சொன்னேன். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். அந்நியன் வாசலுக்கு வருவான் என்று வாங்கி வைத்தது வீட்டுக்குள் இருந்தவரையே கொண்டுபோனது. உங்கள் வீட்டில் இப்போது தூங்காமல் புரளும் மனிதர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தப் பை. நாள் வசூலும் மெருகு நகையும் இரவு ஒன்பதரைக்கு ஏன் தெருவுக்கு வருகிறது? இத்தனை வருடம் அப்படித்தான் செய்தோம் என்பீர்கள், எல்லாப் பத்தர் கடையிலும் அப்படித்தான். வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. சரக்கு கடையின் இரும்புப் பெட்டியிலேயே தங்கட்டும். மெருகுக்குப் போவது பகலில் போகட்டும், ஒரே நாள், ஒரே நேரம் என்றில்லாமல். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள், அல்லது என்னிடம் கொண்டுவாருங்கள். கடைக்கு வெளியே கொண்டுசெல்லும் நகைக்கு அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான சின்னக் கடைக்காரர்கள் இதைக் கொள்ளைக்குப் பிறகுதான் படிக்கிறார்கள்.

உங்கள் வரிசையில் இருக்கும் ஏழெட்டுக் கடைகளும் ஒரே நேரத்தில் ஷட்டரை இறக்கினால் பாதிப் பயம் போய்விடும். பணமாற்றுக்காரர், துணிக்கடைக்காரர், எல்லோரும் ஒன்பது மணிக்கு வெளியே நின்று ஒருவர் பூட்டுவதை ஒருவர் பார்க்கட்டும். சேர்ந்து கையெழுத்துப் போட்டு அந்த நேரத்தில் ரோந்து வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் கேட்பதற்கும் ஏழெட்டுக் கடை முத்திரையோடு கேட்பதற்கும் நிறைய வித்தியாசம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து காவல் பார்க்கும் ருக்குன் தெத்தாங்கா உங்கள் பகுதியில் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். ஆயுதம் தாங்கிய காவல்தான் வேண்டும் என்று எல்லாக் கடைகளும் முடிவு செய்தால், உள்துறை அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூலம் மட்டும் செய்யுங்கள். சுபாங் ஜெயாவை மறக்காமல், வருகிற ஆளின் அடையாளத்தைச் சரிபார்த்த பிறகு.

அப்புறம் உங்கள் வழக்கு. மூன்று மாதமாகச் செய்தி இல்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107A பிரிவில், ரிப்போர்ட் செய்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும், உங்களுக்குக் கடந்துவிட்டது. கேட்டதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நிலையப் பொறுப்பதிகாரி பதில் தர வேண்டும். வரவில்லையென்றால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு முறையிடலாம். இந்த உரிமையைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. ரிப்போர்ட் எண்ணையும் தேதியையும் போட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள், நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

அந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகும்போது, வர மனமிருந்தால், உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். கத்தி பட்டது அவர் கழுத்தில். அவனுடைய முகத்தையும் குரலையும் மிக அருகில் பார்த்ததும் கேட்டதும் அவர்தான். அவருடைய வாக்குமூலத்தைத் தனியாக எடுத்தார்களா, அல்லது உங்கள் ரிப்போர்ட்டில் "மனைவியும் உடனிருந்தார்" என்று ஒரு வரியோடு நின்றுவிட்டதா என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். தமிழில் சொல்ல விரும்பினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கட்டும், அவசரப்படாமல் சொல்லட்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இந்த மாதிரி அதிர்ச்சிக்கு ஆலோசனை கிடைக்கும், கிளினிக்கில் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். நீங்களும் கூடவே உள்ளே போய் உட்காருங்கள். கடைக்கு எப்போது திரும்புவது என்பதை அவரே சொல்லட்டும். முதல் நாள் காலை வேளையாக, ஒரு மணி நேரமாக இருந்தால் போதும்.